யாருக்கு எந்த வசனம்

பாவமன்னிப்பைப் பற்றி வேதாகமம் ஒரே பேச்சாகப் பேசவில்லை என்பது வாலிபர் கூட்டத்துக்கு நாலு வாரம் போனவர்களுக்கே தெரிந்துவிடும். நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார் என்கிறது யோவானின் முதல் நிருபம். அங்கே நிபந்தனை ஒன்றுதான், அறிக்கையிடுவது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திறந்தால் வேறொரு நிபந்தனை நிற்கிறது: நீங்கள் மனுஷருக்கு மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார். எபேசியரில் வரிசையே தலைகீழ். அங்கே தேவன் முதலில் மன்னித்துவிட்டார், அதனால் நீங்களும் மன்னியுங்கள் என்கிறார் பவுல். யாக்கோபு ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறார். யோவான் இருபதாம் அதிகாரத்தில் மன்னிக்கவும் மன்னியாதிருக்கவும் சீஷர்களுக்கே அதிகாரம் போகிறது. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் வாயே திறக்கவில்லை, அவன் பாவங்கள் மன்னிக்கப்பட்டுவிட்டன. எரிகோவில் விலக்கப்பட்ட கொள்ளைப் பொருளை எடுத்து ஒளித்த ஆகான் ஒன்றுவிடாமல் அறிக்கையிட்டான், ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறிந்து கொன்றார்கள். "பாவஞ்செய்தேன்" என்று பார்வோன் சொன்னான், சவுல் சொன்னான், தாவீது சொன்னான், யூதாஸ் சொன்னான், ஊதாரியாய்ப் போய்த் திரும்பிய இளைய மகனும் சொன்னான். சொல் ஒன்றுதான். முடிவு ஆளுக்கொன்று.

இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. யோவான் விசுவாசிகளுக்கு எழுதுகிறார், மத்தேயு பேசுவது இரட்சிப்பைப் பற்றியல்ல, பிதாவோடுள்ள ஐக்கியத்தைப் பற்றி, பார்வோன் சொன்னது கல்மழைக்குப் பயந்து, சவுலுக்கு மூப்பர்கள் முன்னால் மரியாதை போய்விடக் கூடாதே என்ற கவலை, இப்படி. இந்தப் பதில்களில் பாதி எனக்கு இன்றும் ஏற்புடையவைதான். மீதிப் பாதி கொஞ்சம் இழுத்துக் கட்டியது போல இருக்கும், ஆனாலும் அதற்காக நான் தூக்கம் கெட்டதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பல கைகளில் எழுதப்பட்ட ஒரு தொகுப்பு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

என்னை விடாமல் உறுத்துவது வேறு. இந்த வசனங்கள் ஏட்டில் ஒன்றோடொன்று மோதுவதைவிட, சபையில் அவை பங்கு பிரிக்கப்படும் விதம்தான். தப்பு செய்தவருக்கு ஒன்று யோவான் 1:9 போகிறது. அந்தத் தப்பினால் அடிபட்டவருக்கு மத்தேயு 6:15 போகிறது. ஒருவருக்கு ஆறுதல், மற்றவருக்கு மிரட்டல். இதை எந்தப் பிரசங்கியாரும் திட்டமிட்டுச் செய்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் நான் பார்த்த பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கிறது. அறிக்கையிட்டவர் லேசான நெஞ்சோடு வீட்டுக்குப் போவார். பாதிக்கப்பட்டவர், போன பொருளும் வராமல், தன் ஆத்துமாவுக்கே இப்போது ஆபத்து என்ற புதுக் கவலையோடு போவார்.

அத்தை கேட்டது

எங்கள் அத்தை ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். நெல்லைப் பக்கத்துக் கிராமம். மாமா இறந்த வருஷத்திலேயே, மாமாவின் தம்பி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து, பட்டா மாற்றத்துக்கு வேண்டும் என்று சொல்லி அத்தையிடம் கையெழுத்து வாங்கினார். அது விடுதலைப் பத்திரம். வீட்டை ஒட்டிய மனையில் மாமாவுக்கு இருந்த பங்கை அத்தை தன் முழுச் சம்மதத்தோடு விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. அத்தைக்கு வேதாகமம் வாசிக்க நன்றாகவே வரும். பத்திரத் தமிழ் வராது. அதோடு, வீட்டில் துக்கம் நடந்து மூன்று மாதம் ஆகாத நேரத்தில் கொழுந்தன் நீட்டிய காகிதத்தை யார் வாசித்துப் பார்ப்பார்கள்? அங்கே இப்போது கடைகள் இருக்கின்றன, வாடகை வருகிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்டதில்லை.

பல வருஷம் கழித்து மாமாவின் தம்பிக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தார். ஸ்தோத்திரக் கூட்டத்தில் சாட்சி சொன்னார். தான் வாழ்க்கையில் பல பேருக்கு அநியாயம் செய்தவன் என்றும், ஐசியூவில் படுத்திருந்தபோது எல்லாவற்றையும் கர்த்தரிடத்தில் அறிக்கையிட்டதாகவும், அந்த இடத்திலேயே மன்னிப்பின் நிச்சயம் கிடைத்ததாகவும் சொன்னார். சொல்லும்போது அழுதார். அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை, அத்தையும் நினைக்கவில்லை. சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். "பல பேர்" என்று அவர் சொன்ன அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி என்பது அத்தைக்குத் தெரியும். பெயர் மட்டும் வரவில்லை. மனை எத்தனை சென்ட் என்பதும் வரவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து அத்தை ஆராதனைக்குப் போவாள், திருவிருந்துக்கு எழும்ப மாட்டாள். எங்கள் ஊரில் இதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. குருவானவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அத்தை மேல் உண்மையான அக்கறை அவருக்கு இருந்தது. காப்பி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். அவர் மனந்திரும்பிவிட்டார், தேவனே மன்னித்துவிட்டார், நாம் மன்னிக்காவிட்டால் நம் பிதாவும் நமக்கு மன்னிக்க மாட்டார் என்று இருக்கிறதே, கசப்பை வைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தானே நஷ்டம் என்றார். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "ஐயா, அவன் கர்த்தர்கிட்ட சொல்லிட்டான், சரி. கர்த்தரோட எடத்தையா எழுதி வாங்குனான்?"

குருவானவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சங்கீதம் 51-ஐ எடுத்தார். தாவீதே "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்றுதானே சொல்கிறார், எல்லாப் பாவமும் கடைசியில் தேவனுக்கு விரோதமானதுதான் என்று விளக்கினார். அத்தை மறுத்துப் பேசவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஆனால் நான் அன்றிலிருந்து அந்தச் சங்கீதத்தை லெந்து நாட்களில் எல்லோரோடும் சேர்ந்து வாசிக்கும்போதெல்லாம் நாலாம் வசனத்தில் தட்டித்தான் போகிறேன்.

உரியா எங்கே போனான்

தேவரீர் ஒருவருக்கே விரோதமாக. சங்கீதத்தின் தலைப்பே இது எந்தச் சமயத்துப் பாட்டு என்று சொல்லிவிடுகிறது. பத்சேபாள் விஷயத்துக்குப் பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது பாடியது. அந்த விஷயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இரண்டாம் சாமுவேல் பதினொன்றாம் அதிகாரம் விவரமாகச் சொல்கிறது. தாவீது ராஜாவின் மாளிகைக்கு வரவழைக்கப்பட்ட ஒரு பெண், பத்சேபாள். ராஜா ஆள் அனுப்பினால் மாட்டேன் என்று சொல்லும் நிலைமையில் அவள் இல்லை. ரப்பா பட்டணத்தின் முற்றுகையில் இருந்த அவள் புருஷன் உரியா, ஏத்தியர் என்ற அந்நிய ஜாதியைச் சேர்ந்தவன். போர்க்களத்திலிருந்து அழைத்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள் என்று ராஜா சொன்னபோது, கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரத்தில் இருக்க நான் போவேனோ என்று அரண்மனை வாசலிலேயே படுத்தவன். அவனிடமே அவன் சாவுக்கான நிருபத்தைக் கொடுத்துப் படைத்தலைவன் யோவாபுக்கு அனுப்பினான் தாவீது. உரியா தன்னந்தனியாகவும் சாகவில்லை. அவனை முன்னால் தள்ள வேண்டியிருந்ததால் வேறு சில சேவகரும் சேர்ந்து மடிந்தார்கள். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு "உமக்கு ஒருவருக்கே" என்றால், அந்த "ஒருவருக்கே" எங்கிருந்து வருகிறது? வியாக்கியானிகள் இதற்குச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒன்று, குருவானவர் சொன்னதுதான்: அயலானுக்குச் செய்யும் அநியாயம் அயலானைப் படைத்தவருக்குச் செய்வது. போத்திபாரின் மனைவியிடம் யோசேப்பு பேசியதும் இதே போக்கில்தான். எஜமானின் நம்பிக்கையைச் சொல்லிவிட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்று முடித்தான். இரண்டாவது, ராஜாவை விசாரிக்க நாட்டில் வேறு நீதிமன்றம் இல்லை, அதனால் அவன் தேவனுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவன். மூன்றாவது, இது பாட்டு, சட்ட வாக்குமூலம் அல்ல. நொறுங்கிப்போன ஒருவன் தேவனுக்கு முன்னால் நிற்கும்போது வேறு யாரும் கண்ணில் படவில்லை. மூன்றாவது பதில் எனக்குப் பிடித்தது. இரண்டாவது, யோசித்துப் பார்த்தால், பயங்கரமானது. முதலாவது உண்மைதான், ஆனால் "கடைசியில் தேவனுக்கு" என்பதிலிருந்து "தேவனுக்கு மட்டும்" என்பதற்கு வழுக்கிக்கொண்டு போகிறது.

கதையை மறுபடி வாசித்தால் இன்னொன்று தெரிகிறது. நாத்தான் வந்து சொன்ன உவமையில் தேவன் வருவதே இல்லை. ஒரு ஐசுவரியவான், ஒரு தரித்திரன், தரித்திரனுடைய மடியில் வளர்ந்த ஓர் ஆட்டுக்குட்டி. பறிகொடுத்தவன் யார் என்பதில்தான் கதையே நிற்கிறது. அதைக் கேட்டுத் தாவீது கோபம் மூண்டு சொன்ன தீர்ப்பிலும் அந்த மனிதனுக்கு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்த வேண்டும் என்ற வார்த்தை இருக்கிறது. ஆட்டைத் திருடினவன் நாலு ஆடு கொடுக்க வேண்டும் என்ற யாத்திராகமச் சட்டம் அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்திருக்கிறது. நீயே அந்த மனுஷன் என்று நாத்தான் சொல்லி, கர்த்தருடைய வாயாக அடுத்து அடுக்கும் குற்றச்சாட்டில் உரியாவின் பெயர் வருகிறது. ஏத்தியனாகிய உரியாவைப் பட்டயத்தால் மடிவித்தாய், அவன் மனைவியை எடுத்துக்கொண்டாய். அதற்குத் தாவீதின் பதில், நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன். அவ்வளவுதான். கர்த்தர் உரியா பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார். தாவீது உரியா பெயரை விட்டுவிட்டு ஒப்புக்கொள்கிறான். வேதாகம முரண்பாடு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒரே சம்பவம், குற்றப்பத்திரிகையில் ஓர் ஆள் இருக்கிறார், வாக்குமூலத்தில் அவர் இல்லை.

மன்னிப்பு வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நீ சாகாதபடிக்குக் கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார் என்று நாத்தான் அதே மூச்சில் சொல்கிறார். அதே மூச்சில் பிள்ளை சாகும் என்றும் சொல்கிறார், பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்று முன்பே சொல்லிவிட்டார். இந்த இடத்தை நான் ஒருபோதும் ஒழுங்காக ஜீரணித்ததில்லை. ஏழாம் நாளில் செத்துப்போன அந்தக் குழந்தை செய்தது என்ன என்று எந்த வியாக்கியானமும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

பலிபீடத்துக்கு முன்னால்

அத்தையின் கேள்விக்கு வேதாகமத்தில் பதில் இல்லாமல் இல்லை. அது இருக்கும் இடத்துக்கு நம் பிரசங்கங்கள் அடிக்கடி போவதில்லை, அவ்வளவுதான். லேவியராகமம் ஆறாம் அதிகாரம். அயலான் தன்னிடம் ஒப்புவித்த பொருளை இல்லையென்று சாதித்தாலும், பறித்துக்கொண்டாலும், பொய்யாணை இட்டாலும், அது கர்த்தருக்கு விரோதமான அநியாயம் என்றே அந்தப் பகுதி ஆரம்பிக்கிறது. குருவானவர் சொன்னது இங்கே அட்சரம் பிசகாமல் இருக்கிறது. ஆனால் அடுத்து வருவது, முதலைத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு, உரியவனிடம் கொடு, அதன்பிறகு ஆட்டுக்கடாவைக் கொண்டு ஆசாரியனிடம் வா. கர்த்தருக்கு விரோதமான பாவம் என்பதாலேயே அயலானைத் தாண்டிப் போய்விட முடியாது என்பது அந்தச் சட்டம். நம்மூரில் அதே வாக்கியம் அயலானைத் தாண்டிப் போக உதவுகிறது.

யூதர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாவநிவாரண நாளைப் பற்றிய பகுதியில் தெளிவாக இருக்கிறது: மனிதனுக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள பாவங்களை அந்த நாள் நீக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ளதை, அவன் தன் அயலானைச் சமாதானப்படுத்தும்வரை நீக்காது. வருஷத்தில் மிகப் புனிதமான நாளுக்கே அந்த அதிகாரம் இல்லை. கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் அத்தை கதையைச் சொன்னபோது, எங்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தால் முதலில் மனையைத் திருப்பிக் கொடு என்றுதான் சொல்லியிருப்பார் என்றார். எல்லாச் சாமியாரும் சொல்வார்களா என்பது வேறு கதை. ஆனால் திருடியதைத் திருப்பித்தர வேண்டும் என்பது அவர்கள் போதனையிலேயே இருக்கிறது. நடுவில் ஆள் வேண்டாம், நேராகத் தேவனிடமே அறிக்கையிடலாம் என்று சீர்திருத்த சபைக்காரர்களான நாம் பெருமைப்படுகிறோம். ஆசாரியனை நடுவிலிருந்து நகர்த்தியது நல்லதுதான். அந்தத் தள்ளுமுள்ளில் அயலானும் சேர்ந்து வெளியே போய்விட்டான்.

இயேசு அந்த வரிசையை மாற்றவில்லை. பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். நீ போய் முன்பு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து. இதைக் கலிலேயாவில் இருந்துகொண்டு சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பலிபீடம் இருப்பது எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் மேல், நாலைந்து நாள் நடை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது என்ன அர்த்தம்? ஆட்டையோ புறாவையோ அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி நடந்து, ஆளைப் பார்த்துப் பேசி, மறுபடி எருசலேமுக்கு நடக்க வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவராத பேச்சு. வேண்டுமென்றேதான் அப்படிப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். இதே மலைப்பிரசங்கத்தில்தான், ஓர் அதிகாரம் தள்ளி, மன்னியாதிருந்தால் மன்னிக்கப்பட மாட்டீர்கள் என்ற வசனமும் வருகிறது. பலிபீடத்து வசனம் தப்பு செய்தவனை நடக்கச் சொல்கிறது. அது எங்கள் ஊரில் யாரிடமும் வாசித்துக் காட்டப்படவில்லை.

வரி வசூலிக்கும் ஆயக்காரர்களுக்குத் தலைவனான சகேயுவிடம் யாரும் வாசித்துக் காட்டவே வேண்டியிருக்கவில்லை. நான் ஒருவனிடத்தில் அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவனே சொல்கிறான். தாவீது ஊரான் ஆட்டுக்குச் சொன்ன அதே நாலு மடங்கு, சகேயு தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டான். அதைக் கேட்ட பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார்.

பதினெட்டாம் அதிகாரம்

மன்னியாதவனைப் பற்றிய உவமைக்கும் வருவோம், ஏனென்றால் அத்தைக்கு அடுத்த முறை அதுதான் வந்தது, இந்தத் தடவை ஓர் உபவாசக் கூட்டத்துப் பிரசங்கியார் மூலமாக. பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன். ராஜா மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியக்காரனைத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை என்று வைத்தால் முதல் கடன் இரண்டு லட்சம் வருஷக் கூலி. பிரசங்கியார்கள் இங்கே நிறுத்தி, நூறு பணம் எம்மாத்திரம் என்பார்கள். நூறு நாள் கூலி கூலிக்காரனுக்கு அற்பமல்ல. இயேசுவும் அதை அற்பம் என்று சொல்லவில்லை. நூறு நாள் சம்பளத்தை யாராவது பிடித்துவைத்துக்கொண்டால் தெரியும்.

முக்கியமாக, உவமையில் மிரட்டப்படுகிறவன் யார்? பெரிய தள்ளுபடியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, தன்னைவிட எளியவனை நெரித்தவன். எங்கள் கதையில் அந்த இடத்தில் அத்தையை நிறுத்துவதற்கு நிறையக் கற்பனை வேண்டும். ஐசியூவில் எல்லாம் தள்ளுபடியாகி வந்தவர் வேறொருவர். அதோடு, அந்த இரண்டாவது கடன்காரன் காலில் விழுந்து, பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்கிறான். கடன் உண்டு என்பதை அவன் மறுக்கவில்லை. மனைக்காரர் அத்தையிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும், கடைகளைக்கூட அத்தை கேட்டிருக்க மாட்டாள். இது என் ஊகம்தான், ஆனால் அத்தையைத் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று. உவமை தனியாக வரவில்லை. அதே பதினெட்டாம் அதிகாரத்தில் சற்று முன்னால், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக இருக்கிறது. தனியாகப் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் இருப்பானாக. லூக்காவிலும் வரிசை இதேதான்: அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் அவனுக்கு மன்னிப்பாயாக. இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பேதுரு எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்கிறான், ஏழெழுபது தரம் என்ற பதில் வருகிறது, உவமை வருகிறது. நம் சபைகளில் அதிகாரத்தின் பின்பாதி மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. அத்தையைக் கூட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போக வேண்டிய அந்த இரண்டொருவர், அத்தை வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார்கள்.

சிலுவையில் சொன்னது

இவ்வளவு சொன்ன பிறகும் என் வாதத்துக்கு அடங்காத ஒன்று நிற்கிறது. பிதாவே, இவர்களுக்கு மன்னியும் என்று சிலுவையில் இயேசு சொன்னது. அங்கே யாரும் அறிக்கையிடவில்லை, யாரும் எதையும் திருப்பித் தரவில்லை, வஸ்திரத்துக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்த வாக்கியம் இல்லை என்று அறிஞர்கள் சொல்வார்கள். அதை வைத்துத் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஸ்தேவானும் கல்லெறிபட்டுக்கொண்டே அதையேதான் கேட்டான். ஊதாரி மகனின் தகப்பன், மகன் மனப்பாடம் செய்துவந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். லேவியராகமத்தின் வரிசையை இவை உடைக்கின்றன. உடைப்பதுதான் சுவிசேஷம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் அந்த வார்த்தைகளைச் சொன்னவர்கள் எங்கிருந்து சொன்னார்கள் என்று பார்க்கலாம். ஒருவர் சிலுவையில் இருந்து. ஒருவன் கற்களுக்கு நடுவில் இருந்து. பக்கத்தில் நின்ற யாரும் அவர்களைப் பார்த்து, மன்னித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்று சொல்லவில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்தபோது, அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். அதைக் கேட்டு நாடே அசந்துபோனது. நம் பிரசங்கங்களில் அது அடிக்கடி வருகிறது, வர வேண்டியதுதான். அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதிசெய்தது. இதை உதாரணமாகச் சொல்லும்போது, அவரிடம் யாரும் மத்தேயு 6:15-ஐ நீட்டி மன்னிப்பை வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். கொடுக்கிறவர் கொடுத்தார். வசூலுக்கு யாரும் போகவில்லை.

அப்படியானால் மன்னிக்கப்பட்ட பாவம் என்னதான் ஆகிறது? அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன் என்று எரேமியாவில் கர்த்தர் சொல்கிறார். சங்கீதக்காரனும் உமது முகத்தை மறையும், நீக்கியருளும் என்றெல்லாம் கேட்கிறான். கேட்டது கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் கர்த்தருடைய புத்தகம் மறக்கவில்லை. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் இரண்டாம் சாமுவேல் இருபத்துமூன்றில் வருகிறது, முப்பத்தேழு பேர், கடைசிப் பெயர் ஏத்தியனான உரியா. ராஜாக்களின் புத்தகம் தாவீதை வாயாரப் புகழ்ந்துவிட்டு, ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்றுதவிர என்று ஒரு வரியைச் சேர்க்கிறது. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது பத்சேபாள் பெயரைக்கூடச் சொல்லவில்லை, உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதுகிறார். சாலொமோன் பிறந்து பல நூறு வருஷம் கழித்து, மேசியாவின் பரம்பரைப் பட்டியலில், செத்துப்போன அந்தச் சேவகனின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாக்குமூலத்தில் விடுபட்டவனை வேதாகமம் ஒவ்வோர் இடமாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போகிறது.

அத்தை போன வருஷம் இறந்துபோனாள். திருவிருந்துக்கு எழும்பாமலேயே போனாள். அடக்கத்துக்கு மாமாவின் தம்பியும் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது உறவுக்காரர் ஒருவர் என் காதில், இனிமேல் அந்த மனை விஷயத்தை யாரும் பேச வேண்டாம், மன்னிக்க வேண்டியவளே போய்விட்டாள், அது முடிந்த கதை என்றார். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தை அவர் வாசித்திருக்க மாட்டார், வாசிக்கிறவர்கள் குறைவு. அங்கே இதே சட்டம் மறுபடி வருகிறது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலையும் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூடவே, உரியவன் இல்லாமல் போய், அதைக் கேட்டு வாங்கச் சொந்தக்காரனும் இல்லாவிட்டால், அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். ஆள் செத்தாலும் கடன் சாகாது. இஸ்ரவேலில் வாரிசே இல்லாத மனிதன் எப்படி இருக்க முடியும் என்று பழைய ரபிகள் கேட்டு, அந்நிய ஜாதியிலிருந்து வந்து சேர்ந்தவனைப் பற்றித்தான் இது சொல்கிறது என்று பதிலும் சொல்லியிருக்கிறார்கள். ஏத்தியனாகிய உரியாவைப் போன்ற ஆட்களுக்கான சட்டம்.

எங்கள் அத்தைக்கு அந்தச் சிக்கலும் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான், மகள் அதே ஊரில், கடைகளுக்கு எதிர்த் தெருவில் இருக்கிறாள்.